2009 ஜாஸ், சிஓஇ மூன்றரை வருடம் மிச்சம்: ஷோ கார் ஆக்கினால் பைத்தியக்காரத்தனமா?

ஈசூன்_ஜாஸ் | சனி இரவு 11:42

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றுதான் வாய் திறக்கிறேன்.

அப்பாவின் ஹோண்டா ஜாஸ் என் கைக்கு வந்திருக்கிறது. ஜிஈ8 மாடல், 1.5 லிட்டர், ஆட்டோ கியர், சில்வர். 2009 பதிவு. 2019ல் சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் அனுமதிச் சான்றை, பத்து வருடத்துக்குப் புதுப்பித்தார், அதனால் 2029 கடைசி வரை ஓடும். எஞ்சின் நன்றாக இருக்கிறது, கியர் எண்ணெய் வரைக்கும் அப்பா நேரத்துக்கு மாற்றியிருக்கிறார். பார்ப்பதற்குத்தான் ஒன்றுமில்லை. எங்கள் புளோக் கார் பார்க்கில் அதே சில்வரில் இன்னும் மூன்று நிற்கின்றன, ஒரு தடவை சாவியை அடுத்தவர் கதவில் போட்டுத் திருகியிருக்கிறேன். கூரையில் பெயிண்ட்டுக்கு மேலிருக்கும் கிளியர் கோட் உரிகிறது. பின் பம்பரில் அம்மா தூணில் இடித்த தழும்பு.

என் கனவு இது. ஆழமான கேண்டி சிவப்பு பெயிண்ட், அகன்ற பாடி கிட், 16 அங்குலத்தில் 8 அகலம் உள்ள சக்கரம், காற்றில் இறங்கி ஏறும் சஸ்பென்ஷன், பூட் (பின்னால் சாமான் வைக்கும் இடம்) முழுக்க சவுண்ட். கையில் 15,000 வெள்ளி இருக்கிறது. வருடக் கடைசியில் நண்பர்கள் கூடுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பெயிண்ட்டில் ஆரம்பிக்கலாமா, சக்கரத்தில் ஆரம்பிக்கலாமா?

சின்மிங்_ஸ்பிரே | ஞாயிறு காலை 7:15

தம்பி, நான் பதினெட்டு வருடமாக ஸ்பிரே கன் பிடிக்கிறவன். எனக்கு வேலை வர வேண்டுமென்றால் "பெயிண்ட்டில் ஆரம்பி" என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கேண்டி என்றால் என்ன என்று தெரிந்துதான் கேட்கிறாயா?

சாதாரண சிவப்பு என்றால் அடியில் பிரைமர், மேலே கலர், அதன் மேல் கிளியர், முடிந்தது. கேண்டிக்கு முதலில் சில்வரோ தங்க நிறமோ பளபளக்கும் அடிப்பூச்சு போட வேண்டும். அதன் மேல் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் சிவப்பை ஐந்து, ஆறு தடவை அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் நிறம் ஒரு படி கறுக்கும். கை ஓர் இடத்தில் கொஞ்சம் நிதானித்தாலும் அங்கே பட்டை விழும். கதவுக்கு ஆறு தடவை, ஃபெண்டருக்கு (சக்கரத்துக்கு மேலிருக்கும் தகடு) ஐந்து தடவை என்று போய்விட்டால் இரண்டும் வேறு வேறு காரிலிருந்து வந்த மாதிரி நிற்கும். நாளைக்கே யாராவது கதவில் டிராலியை உரசினால் அந்த இடத்தை மட்டும் தொட முடியாது, பக்கம் முழுவதும் திரும்ப அடிக்க வேண்டும்.

அப்புறம் நம் ஊர் ஈரம். காலையில் கம்ப்ரசர் டாங்கியைத் திறந்துவிட்டால் தண்ணீர் கொட்டும். அந்தத் தண்ணீர் கன் வழியாகப் போனால் இன்று தெரியாது, ஆறு மாதம் கழித்துக் கொப்புளம் கொப்புளமாக வரும். யாராவது பக்கத்தில் சிலிக்கோன் பாலிஷ் போட்டிருந்தால் மீன் கண் மாதிரி குழி. ஒழுங்காகச் செய்ய உன் பதினைந்தாயிரத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

சுபா_ஸ்விஃப்ட் | ஞாயிறு காலை 10:03

ஸ்பிரே அண்ணன் சொன்னது வேலையின் கஷ்டம். நான் வேறு ஒன்று கேட்கிறேன். 2029ல் இந்தக் கார் என்ன ஆகும்?

என் முதல் கார் ஒரு பழைய மிட்சுபிஷி கோல்ட். பெயிண்ட்டுக்கும் பாடி கிட்டுக்கும் மட்டும் 6,800 வெள்ளி கொட்டினேன். பதினான்கு மாதத்தில் சிஓஇ முடிந்தது. பதிவை ரத்து செய்த பிறகு ஒரு மாதத்துக்குள் காரை ஒழித்தாக வேண்டும், ஸ்கிராப்போ ஏற்றுமதியோ. ஸ்கிராப் கடைக்காரர் காரைச் சுற்றிப் பார்க்கக்கூட இல்லை. அந்த முத்து வெள்ளைப் பெயிண்ட்டுக்கு அவர் தந்த மதிப்பு சுழியம். நான் முந்தின நாள் கழற்றி வைத்த இரண்டு இருக்கைகள் மட்டும் இன்றைக்கும் என் ஸ்விஃப்டில் இருக்கின்றன, அடியில் ரெயில் மட்டும் புதிது. சக்கரங்களை விற்றுப் போட்ட காசில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரே கணக்குத்தான். ஒரு பொருள் வாங்கும்போது, இது காரோடு போகுமா, கையோடு வருமா என்று பார்ப்பேன். பெயிண்ட், வெட்டிய ஃபெண்டர், ஃபைபரில் ஒட்டிய கிட் எல்லாம் காரோடு போகிறவை. சக்கரம், இருக்கை, ஆம்ப் (ஒலிபெருக்கும் ஆம்பிளிஃபையர்), ஸ்பீக்கர், ஸ்டியரிங் எல்லாம் கையோடு வருபவை. மூன்றரை வருடம் மிச்சமுள்ள காரில் முதல் வகைக்குக் காசு போடுவது வாடகை வீட்டுக்கு மார்பிள் தரை போடுவது மாதிரி.

ஈசூன்_ஜாஸ் | ஞாயிறு மதியம் 1:20

சுபா அக்கா, 2029ல் திரும்பவும் புதுப்பித்தால்? பத்து வருடப் புதுப்பிப்புக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம் என்று கேள்விப்பட்டேன்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு மதியம் 2:48

போகலாம். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தால்தான் அதோடு முடிந்தது, பத்து வருடத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் எவ்வளவு கட்டுவாய்? அப்போதைய மூன்று மாத ஏலச் சராசரியைக் கட்ட வேண்டும். உன் அப்பா 2019ல் முப்பதாயிரத்தை ஒட்டிக் கட்டியிருப்பார். 2023 அக்டோபரில் சின்ன கார் பிரிவே ஒரு லட்சத்தைத் தாண்டிப் போனது. ஒரு லட்சம் வெள்ளியை இருபது வயது ஜாஸுக்குக் கட்ட உன் அம்மா ஒத்துக்கொள்வார் என்றால் கேண்டி அடி, நானே வந்து கை தட்டுகிறேன்.

பத்து வருடத்துக்குள் காரைக் கைவிட்டால் திரும்பக் கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடி முதல் புதுப்பிப்பிலேயே போய்விட்டது. சாலை வரியில் வயதுக்கான கூடுதல் கட்டணம் ஏற்கெனவே உச்சத்தில், 50 விழுக்காடு. பத்து வயது தாண்டியதால் வருடா வருடம் சோதனை. இந்தக் கார் உனக்குத் தரப்போவது சந்தோஷம் மட்டும்தான். அதற்குக் காசு செலவழிப்பதில் தப்பில்லை, தெரிந்து செலவழி.

தெப்ராவ்_வாரம் | ஞாயிறு இரவு 9:30

எல்லோரும் தம்பியைப் பயமுறுத்துகிறீர்கள். கடற்பாலத்தைத் தாண்டி மலேசியா போனால் எல்லாம் பாதி விலை. ஜோகூரில் முழு கார் பெயிண்ட், கிட் பொருத்தி, உள்ளே தைத்துக் கொடுத்து இங்கே பெயிண்ட் மட்டும் அடிக்கிற காசில் முடித்துவிடுவார்கள். நான் இரண்டு கார் அங்கேதான் செய்தேன். போகும்போது டாங்கியில் முக்கால் பெட்ரோல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தொந்தரவு.

சின்மிங்_ஸ்பிரே | ஞாயிறு இரவு 10:11

அவ்வளவுதானா? அங்கே பொருத்திய சாமானுக்குத் திரும்பி வரும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி அறிவித்துக் கட்ட வேண்டுமே, அதை யார் சொல்வது? கடலுக்கு அந்தப் பக்கம் என்னைவிட நன்றாக அடிக்கிற கைகள் இருக்கின்றன, மறுக்க மாட்டேன். சிக்கல் என்னவென்றால் பெயிண்ட் வேலையில் நடுவில் மூன்று தடவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். டிங்கர் முடிந்ததும் ஒரு தடவை, பிரைமர் தேய்த்ததும் ஒரு தடவை, கிளியருக்கு முன் ஒரு தடவை. வெள்ளிக்கிழமை இரவு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் மூன்று தடவை நிற்க முடியுமா பார்.

தெப்ராவ்_வாரம் | ஞாயிறு இரவு 10:40

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது காரில் எனக்கும் அடி விழுந்தது. கடை பெயர் வேண்டாம். நான் போய்ப் பார்க்கவே இல்லை, வாட்ஸப்பில் வந்த படத்தை நம்பினேன். கதவு ரப்பரைக் கழற்றாமல் மேலேயே அடித்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் ரப்பர் ஓரத்திலிருந்து பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்தது. திரும்பக் கொண்டுபோனால் "வெயில், பாஸ்" என்றார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன்_மாமா | திங்கள் காலை 6:50

ஓய்வு பெற்ற மெக்கானிக். அதிகாலையிலேயே தூக்கம் போய்விடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

தம்பி, உன் பட்டியலில் சாலைக்கு ஆகாதவற்றை முதலில் கழி. டயரும் சக்கரமும் ஃபெண்டருக்கு வெளியே நீட்டக் கூடாது. ஸ்பாய்லர் காரின் அகலத்தைத் தாண்டக் கூடாது. காரோடு வராத எச்ஐடி (செனான்) விளக்கைப் பிறகு மாட்டக் கூடாது, அடிவயிற்றில் நீலமாக எரியும் அலங்கார விளக்கும் கூடாது. கறுப்புக் கண்ணாடி ஒட்டினால் முன் கண்ணாடியும் முன் கதவுகளும் 70 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும், பின்பக்கம் 25 போதும். எஞ்சினுக்கு வேகம் கூட்டும் நைட்ரஸ் வாயு பக்கம் தலை வைத்தும் படுக்காதே. நிறத்தை மாற்றினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவிலும் மாற்ற வேண்டும். ஸ்டிக்கர் சுற்றினாலும் அது நிற மாற்றம்தான், நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். எக்ஸாஸ்ட்டைத் தொடுவதாக இருந்தால் சான்றிதழ் உள்ளதை மட்டும் வாங்கு, காகிதத்தைக் காரிலேயே வை. காற்று சஸ்பென்ஷனை வாங்கிவிட்டுக் கேட்காதே, கேட்டுவிட்டு வாங்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம்.

இன்னொன்று. கழற்றுகிற ஒவ்வொரு ஒரிஜினல் பாகத்தையும் பெயர் எழுதிக் கட்டி வை. போல்ட்டை ஜிப் பையில் போட்டு அந்தப் பாகத்திலேயே ஒட்டிவிடு. ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால் ஞாயிறு மாலைக்குள் கார் பழையபடி ஆக வேண்டும். அப்படி ஆகாத மாற்றம் எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து.

ஈசூன்_ஜாஸ் | திங்கள் இரவு 8:05

பெயிண்ட், அகன்ற கிட், காற்று சஸ்பென்ஷன் மூன்றையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். மனசு வலிக்கிறது. அப்படியானால் மிச்சம் என்ன? ஸ்டிக்கர் ஒட்டிய ஜாஸ். இதை யார் நின்று பார்ப்பார்கள்?

பழைய_ஜிடிஐ | திங்கள் இரவு 9:17

ஆஸ்திரியாவில் வோர்தர்சே ஏரிக்கரையில் 1982ல் ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ வைத்திருந்தவர்கள் சிலர் கூடினார்கள். பிறகு அது வருடா வருடத் திருவிழாவாகி, 1987ல் அங்கே கருங்கல்லில் ஒரு கோல்ஃபே செதுக்கி வைத்துவிட்டார்கள், 25 டன். கோல்ஃபும் சந்தைக்குப் போய்வரும் மூன்று கதவு, ஐந்து கதவு வண்டிதானே. சாதாரண ஹாட்ச்பேக்கை நின்று பார்க்க வைப்பது பாகங்களின் எண்ணிக்கை இல்லை தம்பி. உயரம், சக்கரம், சுத்தம். இந்த மூன்றும் சரியாக உட்கார்ந்தால் பத்து பேரில் எட்டுப் பேர் நிற்பார்கள். மிச்சம் இரண்டு பேர் ஸ்பாய்லர் எங்கே என்று கேட்பார்கள், விடு.

சுபா_ஸ்விஃப்ட் | திங்கள் இரவு 10:30

சக்கரக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன், இதில்தான் எல்லோரும் காசை விடுகிறார்கள்.

உன் ஒரிஜினல் சக்கரம் 16 அங்குலம், அகலம் 6, ஆஃப்செட் 53 (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து அது மாட்டப்படும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது என்ற கணக்கு, இது குறைந்தால் சக்கரம் வெளியே நகரும்). நான்கு போல்ட், 100 பிசிடி (போல்ட் வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை 56.1. நீ சொன்ன 8 அகலத்துக்கு ஆஃப்செட் 25 என்று வைத்துக்கொள். அகலம் 2 அங்குலம் கூடினால் இரண்டு பக்கமும் 25 மில்லிமீட்டர் கூடும். ஆஃப்செட் 28 குறைந்ததால் மொத்தச் சக்கரமும் 28 வெளியே நகரும். ஆக வெளி ஓரம் 53 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். கிட்டத்தட்ட மூன்று விரல் அகலம். மாமா சொன்ன விதிக்கு அங்கேயே முடிந்தது.

7 அகலம், ஆஃப்செட் 40 எடு. ஒவ்வொரு பக்கமும் 13 கூடும், 13 வெளியே நகரும். உள் ஓரம் பழைய இடத்திலேயே இருக்கும், அதனால் உள்ளே எதிலும் உரசாது. வெளி ஓரம் 26 மில்லிமீட்டர் வரும், ஃபெண்டரோடு கிட்டத்தட்ட ஒரே கோட்டில். டயர் 185/55 போய் 195/50. விட்டம் 610லிருந்து 601 ஆகும், ஸ்பீடோமீட்டரில் ஒன்றரை விழுக்காடு வித்தியாசம்கூட வராது. 205/45 போட்டால் மூன்று விழுக்காடு, ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவில் இடைவெளியும் கூடிவிடும். அது நீ இறக்க நினைத்த உயரத்தையே சாப்பிட்டுவிடும்.

செகண்ட் ஹாண்ட் சக்கரம் வாங்கினால் நடு ஓட்டை பெரிதாக இருக்கும். 56.1க்கு வளையம் போடு, இல்லாவிட்டால் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். என்னுடையதைத் தரலாம் என்றால் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஐந்து போல்ட்.

ராடு_தூக்கி | செவ்வாய் மதியம் 12:40

குறுக்கே பேசுகிறேன். காரை இறக்க மாட்டுகிற கோய்லோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் செட்) ஜாஸுக்கு மட்டும்தானே பொருந்தும்? அதுவும் காரோடு போகிற சாமான்தானே, சுபா?

சுபா_ஸ்விஃப்ட் | செவ்வாய் மதியம் 1:05

பாதி சரி. என் அடுத்த காருக்கு வராது, ஆனால் இன்னொரு ஜிஈக்காரருக்கு வரும். கழற்றி விற்க முடிந்தால் எனக்கு அது கையோடு வருகிற வகை. 2029ல் எல்லா ஜிஈயும் ஸ்கிராப்புக்குப் போயிருந்தால் என் வாதம் தோற்றது.

ராடு_தூக்கி | செவ்வாய் மதியம் 1:20

தோற்கும் என்று பந்தயம். சரி, தம்பிக்கு ஒரு குறிப்பு. முன்னால் ஸ்டிரட், மேல் பிளேட்டிலேயே கேம்பர் (சக்கரச் சாய்வு) வைத்துக்கொள்ளலாம். பின்னால் ஒரே குறுக்குத் தண்டு, அங்கே திருப்புவதற்கு ஒன்றும் கிடையாது. ஹப்புக்குப் பின்னால் சாய்வான ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால்தான் பின் சக்கரம் சாயும். முன்னால் மட்டும் சாய்த்துவிட்டுப் பின்னால் நேராக விட்டால் படத்தில் அசிங்கமாகத் தெரியும். 35 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதே, உன் மல்டி ஸ்டோரி கார் பார்க் சரிவை முதலில் அளந்து பார்.

பேஸ்_பெட்டி | புதன் இரவு 11:58

பூட் சவுண்டு பற்றி ஒருவரும் பேசவில்லையே, அதற்காகவே லாகின் ஆனேன்.

முதல் எச்சரிக்கை. ஜாஸின் பெட்ரோல் டாங்கி பின்னால் இல்லை, முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. பின் இருக்கை தரையோடு மடங்குவதற்காக அப்படிச் செய்தார்கள். ஆம்பை முன் இருக்கைக்கு அடியில் வைத்துத் தரையில் நீளத் திருகு போடுகிற ஆள் யாராவது இருந்தால் அந்தக் கடையிலிருந்து எழுந்து வந்துவிடு. இருக்கிற போல்ட்டுகளில் பிராக்கெட் மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது மின்சாரம். 1,000 வாட் நிஜமாகவே வருகிற ஆம்ப், 80 விழுக்காடு திறன் என்று வைத்தாலும் உச்சத்தில் 90 ஆம்பியர் இழுக்கும். இந்த அளவு காரின் ஆல்டர்னேட்டர் அதைத் தாங்காது. ஏசி, விளக்கு, வைப்பர் எல்லாம் அதே குழாயில்தான் தண்ணீர் குடிக்கின்றன. 400, 500 வாட்டில் ஒரு பத்து அங்குல சப் (பேஸ் ஸ்பீக்கர்) வை. பேட்டரியிலிருந்து ஓர் அடிக்குள் பிரதான ஃபியூஸ். ஆம்பைக் காப்பாற்ற அது இல்லை, வயர் உரசினால் கார் எரியாமல் இருக்கத்தான்.

மூன்றாவது, காசு மிச்சமிருந்தால் சப்புக்கு முன்னால் நான்கு கதவுக்கும் அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டு. ஜாஸின் கதவு தகர டப்பா. இருநூறு வெள்ளி ஷீட், எட்டு மணி நேர முதுகுவலி. கதவை மூடும் சத்தமே மாறும்.

ஈசூன்_ஜாஸ் | வியாழன் காலை 8:22

ஒரு புதுச் சிக்கல். அப்பாவிடம் பூட் திட்டத்தைச் சொன்னேன். "செய்துகொள், ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி ஏற வேண்டும்" என்றார். பின் இருக்கையை மேலே தூக்கி, முன் இருக்கையைச் சாய்த்து, வருடா வருடம் மாமாவின் காவடிச் சாமானை இதில்தான் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். ஆக, பூட்டில் நிரந்தரமாக எதுவும் கட்டக் கூடாது.

பேஸ்_பெட்டி | வியாழன் காலை 9:01

உன் அப்பா எங்கள் எல்லோரையும்விட நல்ல வடிவமைப்பாளர். ஸ்பேர் டயர் குழிக்கு மேல் பொய்த் தரை போடு, அதில் ஆம்ப். பெட்டியைத் தனியாகச் செய், இரண்டு கொக்கி, ஒரே பிளக். 15 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை, மேலே ஃபைபர். பாலியெஸ்டர் ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரை நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் குறைத்துவிடு, வீடியோவில் குளிர் நாட்டுக்காரன் சொல்கிற அளவைப் போட்டால் பிரஷ்ஷோடு கல்லாகிவிடும். வீட்டுத் தாழ்வாரத்தில் செய்யாதே, அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டார் நகர மன்றத்துக்குப் போன் போடுவார்கள். கார் பார்க்கிலும் வேண்டாம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஆட்கள் வந்துவிடுவார்கள். என் நண்பரின் சுங்கை காடுட் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை இடம் வாங்கித் தருகிறேன்.

ஈசூன்_ஜாஸ் | ஐந்து வாரம் கழித்து, சனி மாலை 5:30

முதல் தகவல். ஸ்பிரே அண்ணன் கூரையையும் பின் பம்பரையும் மட்டும் செய்து தந்தார். உரிந்த கிளியரைத் தேய்த்து, பிரைமர், சில்வர், புதுக் கிளியர். 700 வெள்ளி. மேலே ஸ்டிக்கர் சுற்றப்போகிறேன், எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "அடி மோசமாக இருந்தால் ஸ்டிக்கரைக் கழற்றும்போது கூடவே பெயிண்ட்டும் வரும், பள்ளம் மேடு எல்லாம் பளபளப்பில் இரண்டு மடங்காகத் தெரியும்" என்றார். புதுப் பெயிண்ட் மூச்சு விட மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார், காத்திருந்தேன்.

சுற்றியது ஆழ்ந்த பச்சை, சாட்டின். வளைவுகள் அதிகம் என்பதால் காஸ்ட் வகை, 2,400 வெள்ளி. நிற மாற்றத்தைப் பதிவிலும் மாற்றியாயிற்று.

ஒரு மனக்கசப்பு. ஒட்டிய கடை, பெயர் வேண்டாம், பின் இடது கதவு ஓரத்தில் காரின் மேலேயே கத்தியால் வெட்டியிருக்கிறது. இழையாக ஒரு கோடு, அடிப் பெயிண்ட் வரை. உள்ளே இருக்கும் இழையை இழுத்தால் தானே வெட்டிக்கொள்ளும் டேப் உண்டாம், அதைப் பயன்படுத்துகிறீர்களா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும்.

சின்மிங்_ஸ்பிரே | சனி மாலை 6:14

அந்தக் கோட்டை அப்படியே விடாதே. ஈரம் உள்ளே போய்த் துரு பிடிக்கும். ஸ்டிக்கரை அந்த ஓரத்தில் சூடு காட்டித் தூக்கி, டச் அப் வைத்து மூடிக்கொள். அப்புறம், கதவைத் திறந்தால் உள்ளே சில்வர் தெரியுமே. ஷோ கார் என்று கொண்டுபோனால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

பழைய_ஜிடிஐ | சனி மாலை 7:02

தெரியட்டுமே. பச்சைக்குள் சில்வர் தெரிந்தால் இது சுற்றிய கார் என்று நேர்மையாகச் சொல்கிறது. கதவு உட்புறத்தைக் கழுவித் தேய்த்து, ரப்பருக்கு எண்ணெய் காட்டி, கீலில் இருக்கும் பதினைந்து வருடக் கறுப்புப் பிசுக்கைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிடு. அழுக்கு இருந்தால்தான் வெட்கம்.

சின்மிங்_ஸ்பிரே | சனி மாலை 7:20

எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அவனுடைய காசு.

ஈசூன்_ஜாஸ் | இரண்டரை மாதம் கழித்து, ஞாயிறு அதிகாலை 12:50

கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்!

7 அகலம், ஆஃப்செட் 40, பழைய ஜப்பான் சக்கரம் நாலும் 850, தேய்த்து நிறம் அடிக்க 400, டயர் 520. கோய்லோவர் 1,250, முன்னும் பின்னும் 30 மில்லிமீட்டர் இறக்கம், பின்னால் ஷிம். சவுண்டு எல்லாம் சேர்த்து 2,100. ஸ்பிரே அண்ணன் 700, ஸ்டிக்கர் 2,400. மொத்தம் 8,220 வெள்ளி. பதினைந்தாயிரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

ராடு_தூக்கி சொன்ன சரிவை நான் அளக்கவில்லை. முதல் நாளே மூன்றாவது மாடித் திருப்பத்தில் முன் பம்பரின் அடி உரசி, சத்தம் கேட்டு ஓர் ஆன்ட்டி மீன் பையோடு நின்றுவிட்டார். இப்போது 5 மில்லிமீட்டர் ஏற்றிவிட்டேன், குறுக்காக ஏறுகிறேன்.

கூட்டத்தில் என் பக்கத்தில் ஒரு சிவப்பு கோல்ஃப், பெயிண்ட்டே என் மொத்தச் செலவைவிட அதிகம் இருக்கும். எல்லோரும் முதலில் அங்கேதான் போனார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பின் கதவைத் திறந்து, பெட்டியை ஒரு கையால் கழற்றி வெளியே வைத்து, பின் இருக்கையை மேலே தூக்கிக் காட்டியதும் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். பொய்த் தரை ஓட்டையில் ஆம்ப் தெரியும், சுற்றி அப்பாவின் பழைய வேட்டிக் கரை நிறத்தில் தையல். "இது ஜாஸா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் வேட்டிக் கரையைத் தொட்டுப் பார்த்தார்.

சுபா_ஸ்விஃப்ட் | ஞாயிறு காலை 9:15

படம் போடு! மிச்சம் ஆறாயிரத்துச் சொச்சத்தை என்ன செய்தாய்?

ஈசூன்_ஜாஸ் | ஞாயிறு காலை 11:30

அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. இருக்கைக்கு எடுத்து வைத்திருக்கிறேன், கையோடு வருகிற வகை.

இன்ஸ்பெக்‌ஷன்_மாமா | ஞாயிறு மதியம் 12:10

சோதனை எப்போது?

ஈசூன்_ஜாஸ் | தைப்பூசத்துக்கு மறுநாள், மாலை 4:40

மாமா, போன வாரம் முடிந்தது, ஒரே தடவையில் தேறிவிட்டது. பின் பிரேக் கொஞ்சம் பலவீனம் என்று மட்டும் எழுதினார்கள், சொன்னபடி பார்த்துச் சரி செய்துவிட்டேன்.

நேற்று காவடி ஏறியது. பெட்டியைக் கழற்ற எட்டு நிமிடம், அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெருமாள் கோயிலில் இறக்கிவிட்டு, மாமா டேங்க் ரோடு போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து திரும்ப ஏற்றி வந்தோம். 25 மில்லிமீட்டர் இறங்கிய காரில் நான்கு பேர், காவடி, பால்குடம். ஒவ்வொரு ஹம்ப்பிலும் அம்மா "மெதுவா, மெதுவா" என்று சொல்லி முடிப்பதற்குள் அடி உரசியது.

இப்போது ஆம்ப்பிலிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம். நடுத்தர வேகத்தில் மட்டும் வருகிறது, பாட்டு நிறுத்தினாலும் போகவில்லை. ஃபியூஸ் பார்த்துவிட்டேன், கிரவுண்ட் இறுக்கமாக இருக்கிறது. பேஸ்_பெட்டி அண்ணே, என்னவாக இருக்கும்?

பேஸ்_பெட்டி | மாலை 4:58

பொய்த் தரையைத் தூக்கி ஆம்ப் விசிறியைப் பார்.

ஈசூன்_ஜாஸ் | மாலை 5:15

மயிலிறகு.